அயிரை மேலே வந்த மத்தியானம்

"அப்" என்றொரு சத்தம். நீர்க்குமிழி உடைகிற சத்தத்தைவிடக் கொஞ்சம் பெரியது.

வாளியைக் கிணற்றுக் கட்டின்மேல் வைத்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தேன். உச்சி வெயில் நேரே உள்ளே விழுந்துகொண்டிருந்தது. சின்னவிரல் அளவு மீன் ஒன்று அடியிலிருந்து நெட்டுக்கு ஏறி வந்து, வாயை வெளியே நீட்டி, ஒரு மிடறு காற்றை விழுங்கிவிட்டுக் கீழே போனது. அது போன கையோடு இன்னொன்று வந்தது. பிறகு இரண்டு மூன்று சேர்ந்து வந்தன.

அயிரைகள். அந்தக் கிணற்றில் அவற்றை விட்டதே நான்தான். பல மாதம் போனாலும் கண்ணில் படாத பிராணி அது. பட்டப்பகலில், அதுவும் கூட்டமாக, மேலே வருகிற சாதியே இல்லை.

வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் நாட்டுக்குள் வரக்கூடாது என்று தடுத்து வைத்திருந்த காலம் அது. செத்தல் மிளகாய்க்கு வந்த மவுசைச் சொல்லி முடியாது. எங்கள் புங்குடுதீவில் கல்லும் முள்ளுமாய்க் கிடந்த துண்டு நிலத்தைக்கூடக் கொத்தி மிளகாய் நட்டார்கள். துலா மிதித்துத் தண்ணீர் இறைத்த வீடுகளில் மண்ணெண்ணெய் மிசின் வந்து நின்று படபடத்தது. ஆவணி முடியப்போகிற நேரம். மழைக்கு இன்னும் ஒரு மாதமாவது கிடந்தது.

போன கிழமை என் முதல் பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, "உயிரியல் படிப்பித்த நீங்கள் ஒரு பிராணியைப் பற்றியும் எழுதவில்லையே" என்று ஒரு வாசகர் குறைப்பட்டிருந்தார். சரி, இந்தக் கிழமை அவருக்குத்தான். ஆனால் இது வகுப்பறைக் கதை இல்லை. எங்கள் வீட்டைப் பிரட்டிப் போட்ட கதை.

கோழிக்குச் சொன்னவை

எங்கள் கிணறு பங்குக் கிணறு. தோட்ட உறுதிப் பத்திரத்தில் "கிணற்றில் அரைப்பங்கும் வழிவாய்க்காலும்" என்று எழுதியிருக்கும். மற்ற அரைப்பங்கு என் கணவரின் பெரியப்பா மகனுக்கு. அவர் பெயர் துரை. நாங்கள் துரையண்ணை என்போம். கிணறு எல்லையில் இருந்தது. ஒருநாள் இறைப்பு எங்களுக்கு, மறுநாள் அவர்களுக்கு. யாருடைய முறையோ அவர்களுடைய பக்கத்துத் தூணில் வாளி கொழுவியிருக்கும். குடிக்க மட்டும் இரண்டு வீடும் எந்நேரமும் அள்ளலாம்.

முறை எல்லாம் ஒழுங்குதான், கதை பேச்சுத்தான் இல்லை. வேலி அடைத்தபோது ஒரு கதியாலை, அதாவது வேலிக்கம்பை, எல்லை தள்ளி நட்டுவிட்டார்கள் என்று தொடங்கிய சண்டை. அது நான் கலியாணம் செய்து வந்த வருடத்தில் நடந்ததால், புது மருமகளின் கால்ராசி என்று முடிவாகிவிட்டது. கதியாலுக்கும் என் காலுக்கும் என்ன சம்பந்தம் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

கதைக்காத வீடுகள் எப்படித் தகவல் சொல்லும்? கோழிக்குச் சொல்லும். துரையண்ணையின் பெண்சாதி பூமணியக்கா இதில் கெட்டிக்காரி. நான் கிணற்றில் மீன் விட்ட அன்று, வேலிக்கு அங்கால் நின்று தன் கோழியிடம் சொன்னது எங்கள் ஒழுங்கையின் கடைசி வீடு வரைக்கும் கேட்டது.

"எடி கோழி, உந்தப் படிச்ச பொம்பிளையளுக்கு மூளை எங்கையடி கிடக்குது? குடிக்கிற கிணத்துக்க மீனைக் கொண்டந்து விட்டிருக்குதுகள்!"

நான் மட்டும் விடுவேனா? எங்கள் ஆட்டுக்குட்டியைக் கூப்பிட்டேன்.

"குட்டி, நுளம்புக் குடம்பியை மீன் தின்னும், நுளம்பு கடிச்சுக் காய்ச்சல் வராது எண்டு அங்கால சொல்லிவிடு. வாயில்லாத சீவனுக்கு விளங்கிற விசயம், வாயுள்ளவைக்கு விளங்காதாம்."

இப்படிப் பல வருடம் ஓடியது. சிரிக்காதேயுங்கள், இந்தப் பகையால் ஒரு நன்மையும் இருந்தது. கிணற்றின் உட்சுவரில் ஒரு கறுத்தக் கல் உண்டு. நீர் இறங்கி அந்தக் கல் வெளியே தெரிந்தால் இறைப்பை நிறுத்தவேண்டும் என்பது முன்னோர் வைத்த கட்டுப்பாடு. எங்கள் முறையில் துரையண்ணை வேலியோடு நின்று கல்லைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவருடைய முறையில் இவர், என் கணவர், பார்ப்பார். கல் தெரிந்தபிறகு ஒரு நிமிடம் கூடுதலாக இறைத்தால் போதும், அங்கால் கோழிக்குக் காது கிழிய ஏச்சு விழும். இரண்டு பேருமே கள்ளம் செய்ய முடியவில்லை.

பேணியில் வந்த விருந்தாளிகள்

அயிரைகள் வன்னியிலிருந்து வந்தவை. அங்கே படிப்பித்த காலத்தில், வயல் வாய்க்காலில் பிள்ளைகளோடு இறங்கிப் பிடித்தேன். இடமாற்றம் கிடைத்துத் தீவுக்கு வந்தபோது, ஒரு பால்மாத் தகரப் பேணியில் நீரும் மணலும் போட்டு, மூடியில் துளையிட்டு, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்த மனுசி "என்ன பிள்ளை, அச்சாறோ?" என்று கேட்டாள்.

பார்வைக்கு ஒன்றுமில்லாத மீன். மணல் நிறம், பக்கத்தில் கறுப்புப் புள்ளிகள், வாயைச் சுற்றி மீசை. அந்த மீசையால்தான் அடிமண்ணைத் தடவித் தடவி இரை தேடும். கண்ணுக்குக் கீழே ஒரு முள் மடங்கிக் கிடக்கும். கையில் பிடித்தால் அதை விரித்துக் குத்திவிடும். பயந்தால் தலைகீழாய் மணலுக்குள் பாய்ந்து, உடம்பைப் புதைத்துக்கொண்டு, கண்ணை மட்டும் வெளியே வைத்திருக்கும். அந்தக் கண்ணின் மேலே மெல்லிய தோல் மூடியிருப்பதால் மணல் உறுத்தாது.

அதன் பெரிய வித்தை வேறு. சேற்று நீரில் செவுளால் மூச்சு விடப் போதாவிட்டால், மேலே வந்து காற்றை விழுங்கும். குடல் அந்தக் காற்றிலிருந்து தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும். மிச்சம் பின்பக்கத்தால் குமிழியாய்ப் போய்விடும். வகுப்பில் இதைச் சொன்னால் அன்றைக்குப் பாடம் அவ்வளவுதான். பிள்ளைகள் சிரித்து முடிய மணி அடித்துவிடும்.

மழைக்கு முன்பு வானம் மூடிப் புழுங்கினாலும் அயிரை இருப்புக்கொள்ளாமல் மேலே வரும். "அயிரை மேல, மழை கீழ" என்று வன்னியில் சொல்வார்கள். அதை நான் என் கணவருக்குச் சொல்லியிருந்தேன். அவர் ஆட்டுக்குட்டிக்குச் சொன்னார். அங்கால் வீட்டுக்கும் அது தெரிந்துவிட்டது.

பூட்டிய வீடுகள்

எங்கள் ஒழுங்கைக்கு அடுத்த ஒழுங்கையில் ஆளில்லை. சண்டையாலோ நோயாலோ போனவர்கள் இல்லை. கிணறு உவர்த்துப் போயிற்று, அவ்வளவுதான். தீவில் நல்ல தண்ணீர் பாலாடை மாதிரி உப்புத் தண்ணீரின் மேலே மெல்லிசாகக் கிடக்கிறது. மேலே இருப்பதை அளவோடு அள்ளினால் காலாகாலத்துக்கும் அள்ளலாம். ஆசைப்பட்டு உறிஞ்சினால் அடியில் இருக்கும் உப்பு ஏறி வந்துவிடும். பிறகு குடிக்கிற தண்ணீர் வேலணையில் சாட்டி என்கிற இடத்திலிருந்து வண்டியில் வரவேண்டும். வண்டி வராத நாளில் பிள்ளைகளுக்கு என்ன கொடுப்பது? அங்கே இருந்தவர்கள் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தார்கள். பிறகு கதவைப் பூட்டிக்கொண்டு போனார்கள்.

என் கணவருக்குப் போக்கிடம் இல்லை. அவர் கொழும்பில் கிளார்க்காக இருந்தவர். சிங்களத்தில் சோதனை எழுதினால்தான் உத்தியோகம் நிலைக்கும் என்று வந்தபோது, "மாட்டன்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு ரயிலேறியவர். "மண்ணைக் கொத்தித் தின்னுவன், பாரும்" என்று என்னிடம் சொன்னார். சொன்னபடி கொத்தினார். கைகளில் காய்ப்பு விழுந்தது. அந்த வருடத்து மிளகாய் இரண்டாம் பழம் எடுக்கிற பருவத்தில் நின்றது. அந்தத் தோட்டமும் அந்தக் கிணறும் போனால் அவருடைய அந்த "மாட்டன்" போய்விடும். அது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

வேலிக்கு இங்கால், அங்கால்

இனி அந்த மத்தியானத்துக்கு வருகிறேன். நான் கிணற்றுக்குள் பார்த்துக்கொண்டு நிற்க, குடத்தோடு பூமணியக்கா வந்தாள். வழக்கம்போல முகத்தை அங்கால் திருப்பிக்கொண்டுதான் வந்தாள். "அப், அப்" என்று சத்தம் கேட்டுக் குனிந்து பார்த்தாள். குடத்தைக் கீழே வைத்தாள். என்னைப் பார்த்தாள். கோழி கிட்டடியில் எங்குமே இல்லை.

"தங்கச்சி, பாத்தீரே? அயிரை மேல வந்திட்டுது! மழை வரப்போகுது!"

எத்தனையோ வருடத்துக்குப் பிறகு என்னோடு பேசிய முதல் வார்த்தை. உண்மையைச் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது. "ஓம் அக்கா" என்று மட்டும் வாயில் வந்தது.

அவள் போட்ட சத்தத்தில் துரையண்ணை வேலியடிக்கு ஓடி வந்தார். இவரும் மிசினடியிலிருந்து வந்தார். நாலு பேரும் கிணற்றைச் சுற்றி நின்று மீனைப் பார்த்தோம். துரையண்ணை செருமினார்.

"தம்பி, மழை வருமாமெல்லே."

"ஓம் அண்ணை. அப்பிடித்தான் தெரியுது."

சின்ன வயதில் துரையண்ணையின் தோளில் இருந்து தேர் பார்த்தவர் இவர். அண்ணை என்று சொல்ல வாய் எவ்வளவு காலம் காத்திருந்ததோ!

"மழை வாறதெண்டால் தண்ணியைப் பொத்தி வைச்சு என்ன செய்யிறது?" என்றார் துரையண்ணை. "கண்டெல்லாம் வாடி நிக்குது. முறையும் மண்ணாங்கட்டியும்! என்ர மிசினையும் இறக்கிறன். ரெண்டையும் ஒண்டாப் போட்டு ஒரு நிறைஞ்ச இறைப்பு இறைப்பம். மிச்சத்தை மழை பாக்கட்டும்."

கொஞ்ச நேரத்தில் இரண்டு மிசினும் ஒரே கிணற்றில் படபடத்தன. இரண்டு தோட்டத்து வாய்க்காலிலும் தண்ணீர் ஓடியது. பூமணியக்கா என் குசினிக்கே வந்து தேத்தண்ணி குடித்தாள். "கதியால் கதையை விடும், அது ஆம்பிளையளின்ர விசர்" என்றாள். என் கால்ராசியை அவள் மறந்துவிட்டாள். நானும் நினைவுபடுத்தவில்லை.

கறுத்தக் கல்லை அன்று ஒருவரும் பார்க்கவில்லை. பகை போனதும் காவலும் போய்விட்டது.

போத்தல்

தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவ வெளியே வந்தவள் வானத்தைப் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று கிடந்தது. சோளகக் காற்று இன்னும் ஓயவில்லை, தெற்குப் பக்கமிருந்து முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. மழைக் காற்றென்றால் வாடை, அது எதிர்ப்பக்கத்தால் வரவேண்டும். புழுக்கமில்லை. எறும்பு முட்டை காவவில்லை. மழைக்குரிய எந்த அறிகுறியும் இல்லாமல் மீன் மட்டும் ஏன் மேலே வருகிறது?

அயிரை மேலே எதைத் தேடி வருகிறது என்றுதான் எல்லோரும் பார்த்தோம். கீழே எதற்குப் பயந்து வருகிறது என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது. அது கிடப்பது கிணற்றின் அடியில். அடியில் எது வந்தாலும் முதலில் அதற்குத்தான் தெரியும்.

ஆனால் எப்படிச் சொல்வது? சண்டை வந்தது என்னால் என்று ஊர் சொல்கிறது. இன்றைக்குத்தான் அண்ணனும் தம்பியும் வாய் திறந்திருக்கிறார்கள். இப்போது நான் போய் "மிசினை நிறுத்துங்கோ" என்றால், ஒட்டிய உறவைப் பிரிக்க வந்தவள் என்றுதான் பெயர் வரும். சொல்லாமல் விட்டால் அடுத்த ஒழுங்கையின் கதிதான் எங்களுக்கும். வாசலில் நின்று இரண்டையும் நினைத்துப் பார்த்தேன். மிசின்கள் படபடத்துக்கொண்டே இருந்தன.

ஒரு போத்தலை எடுத்தேன். அடியில் கல்லையும் கழுத்தில் கயிற்றையும் கட்டினேன். தக்கையில் இன்னொரு கயிறு கட்டி, மூடியபடியே கிணற்றின் அடிவரை இறக்கி, கல் தட்டுப்பட்டதும் தக்கையை இழுத்தேன். குமிழி வந்தது. மேலே எடுத்து ஒரு வாய் குடித்துப் பார்த்தேன்.

கரித்தது. கொஞ்சமில்லை, நாக்கின் அடிவரை கரித்தது.

"மிசினை நிப்பாட்டுங்கோ!" என்று கத்தினேன். "கீழ உப்பு ஏறிட்டுது. உதுக்குத்தான் மீன் மேல வருது. மழைக்கில்லை!"

துரையண்ணை வந்து போத்தலை வாங்கி ஒரு சொட்டு நாக்கில் விட்டார். முகம் மாறியது. பிறகு சொன்னார்:

"இது ஊறுகாய்ப் போத்தலெல்லே? உப்புக் கரிக்காமல் இனிக்குமோ?"

இவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. கோபம் இல்லை. கெஞ்சல். இன்றைக்கு ஒருநாள் விட்டுவிடேன் என்கிற கெஞ்சல்.

"இஞ்சேரும், இன்னும் பாதித் தோட்டம் கிடக்குது. உம்மட மீனை நம்பி என்ர கண்டுகளைச் சாக விடவோ? உள்ள போம்."

நான் போகவில்லை. அப்போது பூமணியக்கா துரையண்ணையின் கையிலிருந்த போத்தலைப் பறித்தாள். சாம்பல் போட்டுத் தேய்த்தாள். தன் குடத்தில் இருந்த தண்ணீரால் அலசினாள். தக்கையை இறுக்கிக் கிணற்றுக்குள் தானே இறக்கினாள். தக்கையை இழுத்து, மேலே எடுத்து, அண்ணாந்து குடித்தாள். குடித்ததை அப்படியே துப்பினாள். நேரே தங்கள் மிசினிடம் போனாள். மண்ணெண்ணெய்க் குழாயைத் திருகி அடைத்தாள். மிசின் இருமி இருமி நின்றது.

"என்னடி செய்யிறாய்?" என்று துரையண்ணை பாய்ந்தார்.

"மழையெண்டு சொன்னதும் நான்தான். இல்லையெண்டு சொல்லுறதும் நான்தான். என்ர பிள்ளையளுக்குக் குடிக்கத் தண்ணி வேணும்."

எங்கள் மிசின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. இவர் அதன் பக்கத்தில் நின்றார். மெல்லக் குனிந்து, குழாய் வாயில் கொட்டிய தண்ணீரைக் கையில் ஏந்தி வாயில் விட்டார். விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. அந்தத் தண்ணீர்தான் அவ்வளவு நேரமும் மிளகாய்ப் பாத்திகளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு கையை நீட்டி மிசினை நிறுத்தினார்.

காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. கிணற்றுக்குள் "அப், அப்" என்று அயிரைகள். கறுத்தக் கல் எப்போதோ வெளியே வந்து, அதற்குக் கீழே நான் ஒருநாளும் பார்த்திராத கற்கள் எல்லாம் தெரிந்தன.

மேல் தண்ணீர்

மழை வரவில்லை. அந்த மாதம் முழுக்க வரவில்லை. மிளகாய் இலைகள் ஓரம் கருகிக் கொட்டின. மறுநாளே துரையண்ணை தன் நாயைக் கூப்பிட்டு, "சிலபேரின்ர மிசின் பெரிய மிசின், அதுதான் உப்பை இழுத்துப்போட்டுது" என்றார். இவர் ஆட்டுக்குட்டியிடம் அதற்குப் பதில் சொன்னார். அரை நாள் ஒட்டியிருந்த உறவு அவ்வளவுதான். இன்றுவரை அண்ணனும் தம்பியும் பேசவில்லை.

பெண்கள் நாங்கள் கோழியை விட்டுவிட்டோம். இரண்டு மிசினும் கொட்டிலுக்குப் போயின. கையால், வாளியால், மேல் தண்ணீரை மட்டும் அள்ளினோம். கார்த்திகை மழைக்குப் பிறகு கிணறு மெல்ல மெல்லத் தேறியது. அடுத்த வருடம் குடிக்கலாம் போல வந்தது. அதற்கடுத்த வருடம் பழையபடி இனித்தது. இப்போதும் காலையில் கிணற்றடியில் சந்தித்தால் பூமணியக்கா சுகம் விசாரிப்பதில்லை. "கீழையோ?" என்று கேட்பாள். நான் குனிந்து பார்த்து, மணலுக்குள் இரண்டு கண் தெரிந்தால், "கீழதான் அக்கா" என்பேன். பிறகுதான் வாளி இறங்கும்.

இவர் அந்தக் கார்த்திகை மழை வரும்வரை ஊரில் நிற்கவில்லை. கொழும்பில் தாய்மாமன் ஒருவரின் கடைக்கு ஆள் தேவைப்பட்டது. சிங்களம் தெரிந்தால்தான் கடையில் நிற்கலாம். "பழகுவன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

புறப்பட்ட காலை, பெட்டியை முற்றத்தில் வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனார். நானும் பின்னால் போனேன். ஒரு வாளி அள்ளி, இரண்டு கையாலும் ஏந்தி, நிறுத்தாமல் குடித்தார். வாயைத் துடைத்தார்.

"இப்ப தண்ணி இனிக்குது, பாரும்" என்றார்.

அன்று விடியற்காலையில் அதே கிணற்றில் அள்ளி நான் தேத்தண்ணி வைத்துப் பார்த்திருந்தேன். கரித்தது. அதை ஊற்றிவிட்டு, வண்டியில் வந்த சாட்டித் தண்ணீரில் வேறு வைத்துத்தான் அவருக்குக் கொடுத்திருந்தேன்.

"ஓம்," என்றேன், "இனிக்குதுதான்."

கிணற்றுக்குள் "அப்" என்று சத்தம் கேட்டது. இரண்டு பேரும் குனிந்து பார்க்கவில்லை.